சிங்கப்பூர் தேக்காவுல (லிட்டில் இந்தியா) கடைவீடு எடுத்து சாப்பாட்டுக்கடை போடணும், யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) பர்மிஷன் தனியா வேணுமா?

அடுப்படி
வணக்கம் எல்லாருக்கும். நானும் தங்கச்சியும் சேர்ந்து சின்னதா ஒரு சாப்பாட்டுக்கடை போடலாம்னு இருக்கோம், மதியம் வாழையிலை சாப்பாடு, சாயங்காலம் டிபன். டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் கீழ கடை, மேல வீடுன்னு இருக்கற ஒரு பழைய கடைவீடு பார்த்தோம், ரெண்டு பேருக்குமே ரொம்ப பிடிச்சுப் போச்சு. இவ்வளவு நாளா துணிக்கடையா இருந்திருக்கு, தையல் மெஷின் நின்ன இடத்துல தரையில தடம்கூட அப்படியே இருக்கு. ஓனர் "இந்த ஏரியாவே கமர்ஷியல் சோன்தாம்மா, என்ன கடை வேணும்னாலும் போட்டுக்கோ"ங்கறார். மேல்மாடில வேலையாளுங்கள தங்க வச்சுக்கலாம்னு ஏஜென்ட் வேற சொல்றார். இந்த வாரத்துக்குள்ள டெபாசிட் கட்டச் சொல்றாங்க. கடைக்கு முன்னாடி கூரைக்குக் கீழ இருக்கற அஞ்சடி நடைபாதையில நாலு மேசை போட்டா நல்லா இருக்கும்னு ஒரு ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இதுக்கெல்லாம் யூஆர்ஏ பர்மிஷன் தனியா எடுக்கணுமா?

வரைபலகை
தங்கச்சி, டெபாசிட் கட்டாதீங்க, முதல்ல இதைப் படிங்க. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல பிளான் போடுற வேலை எனக்கு, இதே பேச்சை நிறைய ஓனருங்க வாயால கேட்டிருக்கேன். சோன் வேற, அந்தக் கட்டடத்துக்கு அனுமதிச்சிருக்கற பயன்பாடு வேற. எந்த நிலம் எதுக்குன்னு கலர் போட்டுக் காட்டற மாஸ்டர் பிளான்ல அந்த நிலத்துக்கு இருக்கற கலருக்கு, அங்க எதைப் பத்தி யோசிக்கலாம்னு மட்டும்தான் அர்த்தம், 1958ல முதல் மாஸ்டர் பிளான் வந்ததுல இருந்து அது அப்படித்தான், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா திருத்துவாங்க. ஆனா உங்க கடையோட கீழ்த்தளத்துக்கு "கடை"ன்னு அப்ரூவல் இருந்துச்சுன்னா அங்க துணி விக்கலாம், நகை விக்கலாம், செருப்பு விக்கலாம், அடுப்பு வச்சு ஆளை உக்கார வச்சு சாப்பாடு போட முடியாது. 1998 திட்டமிடல் சட்டப்படி ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாம பயன்பாட்டை மட்டும் மாத்தினாலும் அதுக்கு அனுமதி வேணும். அனுமதி இல்லாம நடத்தி மாட்டினா 2,00,000 வெள்ளி வரைக்கும் அபராதம்னு சட்டத்துலயே இருக்கு. நோட்டீஸ் வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் வரும், ஓனருக்கும் வரும், அதனால அவருக்கும் இது விளையாட்டு இல்ல.

யூஆர்ஏ வெப்சைட்லயே அந்த முகவரிய போட்டு, அனுமதிச்ச பயன்பாடு என்னன்னு பார்க்கலாம். மேல்மாடியையும் தனியா பாருங்க, கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு இருக்கும். அப்புறம் இன்னொண்ணு, சில தெருவுல பார்க்கிங், டிராஃபிக் பிரச்சினைன்னு உணவகத்துக்கே அனுமதி தர மாட்டாங்க, உங்க தெரு அதுல வருதான்னும் பார்த்துக்கோங்க.

கரண்டிக்காரர்
வரைபலகை அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. நான் அந்தப் பக்கம்தான் கடை நடத்துறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரெனவேஷன் எல்லாம் முடிச்சு டைல்ஸ் ஒட்டி பெயிண்ட் அடிச்சு ஆளும் எடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் பேப்பரைத் தேடினார், உணவகத்துக்கு அனுமதி கிடைக்கல. வாடகை மட்டும் மாசாமாசம் போய்க்கிட்டே இருந்துச்சு, பாவம் அவர் மனைவியோட நகை போச்சு. அதனால வரிசை முக்கியம்மா. முதல்ல பயன்பாட்டு மாற்றம், அதுக்கு ஓனர் சம்மதம் கண்டிப்பா வேணும். அந்த அனுமதி கையில இருந்தாத்தான் உணவுக்கடை லைசென்ஸுக்கு சிங்கப்பூர் உணவு அமைப்புகிட்ட போக முடியும். தீ பாதுகாப்புக்கு குடிமைத் தற்காப்புப் படை இருக்கு, கழிவுநீர்ல எண்ணெய்ப் பசையைப் பிடிக்கற கிரீஸ் டிராப்புக்கு தண்ணி வாரியம் பியூபி இருக்கு. அதோட அடுப்புப் புகை போற குழாய் எங்க போகும்னு இப்பவே பாருங்க, முன்பக்கம் விட முடியாது, பின் சந்துப் பக்கம் கொண்டு போகணும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா வந்தா தினமும் சண்டைதான். கடை பார்க்கப் போறப்ப பின்கதவைத் திறந்து சந்துல நின்னு மேல பாருங்க, பாதி கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிரும்.

மரஜன்னல்
அஞ்சடி பத்தி யாரும் சொல்லலையே. அங்க மேசை போடாதீங்க அக்கா, ப்ளீஸ். 1822ல ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டத்துலயே கடைக்கு முன்னாடி கூரை போட்ட நடைபாதை விடணும்னு வச்சாங்க, அதனாலதான் மழையில நனையாம ஒரு தெரு முழுக்க நடக்க முடியுது, வீல்சேர்ல வர்ற பாட்டிங்களுக்கும் அதுதான் வழி. லிட்டில் இந்தியாவ 1989லயே பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சுட்டாங்க, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ எல்லாம் அதே வருஷம்தான். இங்க முகப்பு மட்டும் இல்ல, கட்டடம் முழுசும் பாதுகாக்கணும். மரஜன்னலைக் கழட்டி அலுமினியம் போடறது, களிமண் ஓட்டை எடுத்துட்டு தகரம் போடறது, முகப்புல சுண்ணாம்பு வேலைப்பாட்டை மறைக்கிற மாதிரி பெரிய போர்ட் வைக்கிறது, எதுவும் கூடாது. போர்டுக்கு கட்டட, கட்டுமான ஆணையத்தோட லைசென்ஸும் வேணும். கஷ்டம்தான், ஆனா இந்த விதி இல்லாம இருந்தா நம்ம தேக்காவுல இன்னிக்கு ஒரு கடைவீடுகூட நின்னிருக்காதுன்னு நான் நிச்சயமா நம்புறேன்.

அடுப்படி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கப் படிக்க வயித்தைக் கலக்கிருச்சு. இப்பத்தான் பார்த்தேன், கீழ கடைன்னும் மேல குடியிருப்புன்னும் போட்டிருக்கு. அப்ப மேல வேலையாளுங்க தங்கலாமா? அதையும் கடைக்கே சேர்த்துக்கிட்டா எப்படி?

வரைபலகை
குடியிருப்புன்னு இருக்கறது நல்லதுதான், தங்கலாம். ஆனா உறவு இல்லாதவங்கன்னா 6 பேர்தான் பொதுவான வரம்பு, 90 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள வீடுகளுக்கு 2024 ஜனவரில இருந்து தற்காலிகமா 8 பேர்னு தளர்த்தியிருக்காங்க. வாடகைக்கு விட்டா குறைஞ்சது 3 மாசம். படுக்கை மேல படுக்கை அடுக்கி டார்மிட்டரி ஆக்கச் சொன்னா ஏஜென்ட் பேச்சைக் கேக்காதீங்க. மேல்மாடிய கடையோட சேர்க்கிறது வேற கதை. கடையும் உணவகமும் ஒரே வணிகப் பயன்பாட்டு வகைக்குள்ள வரும், ஆனா குடியிருப்புல இருந்து வணிகத்துக்குப் போனா, நிலத்தோட மதிப்பு கூடறதுக்காக வாங்கற நில மேம்பாட்டுக் கட்டணம் வரலாம். முந்தி டெவலப்மென்ட் சார்ஜ்னு இருந்துச்சே அதுதான், 2022 ஆகஸ்ட்ல இருந்து நில ஆணையம் வசூலிக்குது. அதைத் தொடாதீங்க, கீழ்த்தளத்துக்கு மட்டும் விண்ணப்பம் போடுங்க.

ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: உணவகத்துக்கு யூஆர்ஏ அனுமதி கிடைச்சாத்தான் வாடகை தொடங்கும், கிடைக்கலைன்னா டெபாசிட் முழுசும் திரும்ப வரும். ஓனர் சொல்ற மாதிரி பிரச்சினையே இல்லைன்னா இதுல கையெழுத்து போட அவருக்கு என்ன தயக்கம்? வக்கீல்கிட்ட ஒருதடவை காட்டிட்டுப் போடுங்க.

அடுப்படி
ஓனர்கிட்ட பேசிட்டேன் அண்ணே. முதல்ல கொஞ்சம் முறுக்கினார், யூஆர்ஏ பக்கத்தை போன்ல காட்டினதும் சரின்னுட்டார், சம்மதக் கடிதம் திங்கட்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கார். நாளைக்கு தங்கச்சியோட போய் பின் சந்தைப் பார்க்கப் போறோம். அஞ்சடியில மேசை வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு, உள்ளயே எத்தனை பேர் உக்காரலாம்னு அளந்துட்டு வந்து சொல்றேன்.