தாத்தாவின் கூத்து ஆர்மோனியப் பெட்டிக்கு ரீடு சுருதி சேர்ப்பவர் தேவை

வணக்கம். எனக்குப் பென்னாகரம் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்ட் மாறி மாறிப் போய் எதிலுமே பிடிப்பில்லாமல் ஆகிவிட்டது. ஆடியில் ஊருக்கே வந்துவிட்டேன். சின்ன வயதில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவன். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு விடிய விடியத் தூக்கமே வராது. அந்த ஆசை மறுபடி பிடித்துக்கொண்டது. பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு உட்காரச் சொல்லி வாத்தியாரும் சொல்லிவிட்டார். பெட்டிதான் ஒத்துழைக்கவில்லை.

கைத்துருத்தி, இரட்டை ரீடு (ஒரு கட்டைக்கு இரண்டு பித்தளை நாக்கு, காற்றில் அதிர்ந்து ஒலிப்பவை), மூன்றரை ஸ்தாயி. கம்பெனிப் பெயர் அழிந்துவிட்டது. பல வருடம் பரணில் கிடந்தது.

கட்டையைத் தொடாமலே காற்று இறங்கிவிடுகிறது. மழை நாளில் நடு ஸ்தாயி பஞ்சமம் அமுக்காமலே ஊதுகிறது. மேல் ஸ்தாயியில் இரண்டு ரீடும் ஒன்றுக்கொன்று சேரவில்லை, அலை அலையாக அடிக்கிறது.

துருத்தி மடிப்பில் புதுத் தோல் ஒட்டினேன், கசிவு பாதி குறைந்தது. ரீடுகளைக் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினேன். பஞ்சமக் கட்டையின் ஸ்பிரிங்கை மாற்றியும் பலனில்லை. சேலத்தில் ஒரு கடையில் காட்டினால், "புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். (வாங்குவதற்கா இவ்வளவு பாடு?)

பித்தளை ரீடை நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்பது தெரியும். கை தவறினால் ரீடே போய்விடும், அதனால் தொடவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் பழைய ஆர்மோனியத்துக்கு ரீடு சுருதி சேர்த்து, காற்றுக் கசிவும் அடைத்துத் தருபவர் யாராவது இருக்கிறாரா?