தோப்பு டிராக்டர் ஸ்டியரிங்: எங்க சொந்தபந்தம் குழு

*சனிக்கிழமை*

*மாப்ள, 7:12*
பழைய மினி டிராக்டர்ல ஸ்டியரிங் ரொம்ப லூசா இருக்குதுங்க. விளிம்புல டேப்பு புடிச்சு அளந்தா 11 செ.மீ. சும்மாவே திரும்புது, அதுக்கப்புறந்தான் முன் சக்கரம் அசையுது. ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவை டைட் வெச்சாப் போதுமுங்களா?

*பட்டறை அண்ணன், 7:20*
அந்த ஸ்க்ரூவை இப்பத் தொடாதே மாப்ள. 2, 3 செ.மீ. ஆட்டம்னா விட்டுறலாம். 11 செ.மீ. ஒரே எடத்துல வராது, நாலஞ்சு ஜாயிண்ட்ல கொஞ்சங் கொஞ்சமாச் சேந்திருக்கும். அதைப் பாக்காம பாக்ஸை இறுக்குனா உள்ள வார்மும் (புரி போட்ட தண்டு) பாலும் (அதுல உருளற குண்டு) தேயும். அப்புறம் பாக்ஸே மாத்தோணும்.

*பட்டறை அண்ணன், 7:24*
எஞ்சின் ஆஃப், சக்கரம் நேரா, டயர் தரையிலேயே இருக்கட்டும். ஒருத்தர் ஸ்டியரிங்க லேசா இப்பிடியும் அப்பிடியும் ஆட்டட்டும். நீ கீழ குனிஞ்சு வரிசையா ஒவ்வொரு ஜாயிண்ட்டா கையை வெச்சுப் பாரு: ஸ்டியரிங் ராடு (வீல்ல இருந்து பாக்ஸுக்குப் போறது), டிராப் ஆர்ம் (பாக்ஸ்ல இருந்து தொங்கறது), டிராக் லிங்க் (அதுல இருந்து முன்னால போற ராடு) ரெண்டு முனை, ஸ்டியரிங் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பறது), டை ராடு (ரெண்டு முன் சக்கரத்தையும் சேக்கறது) ரெண்டு முனை. ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் சும்மா நின்னா அங்கதான் தேய்மானம்.

*லேத் சித்தப்பா, 7:31*
அதை முடிச்சுட்டு பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, அச்சு நடுவுல ஜாக்கி போடு. கட்டை முட்டுக் குடுக்காம கீழ கை விடாதே கண்ணு. சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டு. ஹப்பு மட்டும் ஆடுனா பேரிங். ஹப்போட ஸ்டப் ஆக்சிலும் (சக்கரம் மாட்டியிருக்கற குட்டை அச்சு) சேந்து ஆடுனா கிங் பின் (அது திரும்பற நட்டுக்குத்துப் பின்) புஷ் போச்சு. ரெண்டையும் கொழப்பிக்காதே, நெறையப் பேரு பேரிங்க மாத்திட்டு ஆட்டம் அப்படியே இருக்குதுன்னு நிப்பாங்க. அச்சையே முன்னும் பின்னும் தள்ளிப் பாரு, சென்டர் பின் (அச்சை நடுவுல வண்டியோட புடிச்சிருக்கறது) புஷ்சும் தெரிஞ்சுரும்.

*மாப்ள, 9:48*
பாத்துட்டனுங்க.
டிராக் லிங்க் முன் முனை பால் நல்லா குதிக்குது.
டை ராடு எடது முனை ரப்பர் கிழிஞ்சு உள்ள மண்ணு.
எடது சக்கரம் ஸ்டப் ஆக்சிலோட ஆடுது. அந்தப் பக்கம் கிரீஸ் அடிக்கற நிப்பிள்ல கிரீஸே ஏறலைங்க.
வலது பக்கம் பரவால்ல, சென்டர் பின்னும் பரவால்ல.
ஸ்டியரிங் ராடு திரும்பி டிராப் ஆர்ம் அசையறதுக்குள்ள விளிம்புல ஒண்ணரை செ.மீ. போகுது.

*பட்டறை அண்ணன், 9:55*
பாத்தியா, பாக்ஸோட பங்கு ஒண்ணரைதான். மீதி ஒம்பதரை வெளியில.

*பெரிய மாமா, 10:02*
ஏம் மாப்ள, இத்தனை வேலைக்குப் பதிலா பவர் ஸ்டியரிங் கிட்டு போட்றலாமா?

*பட்டறை அண்ணன், 10:10*
வேண்டாங்க மாமா. தேஞ்ச ஜாயிண்டை பவர் ஸ்டியரிங் சரி பண்ணாது, இன்னும் வேகமாத் தேய்க்கும். அதுவுமில்லாம லிஃப்டுக்கு இருக்கற பம்புலயே இதையும் சேத்தா, ப்ரையாரிட்டி வால்வு (ஸ்டியரிங்குக்கு மொதல்ல ஆயில் குடுக்கறது) இல்லைன்னா ரொட்டவேட்டரைத் தூக்கற நேரத்துல ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிரும். இந்த சைஸ் வண்டிக்கு புஷ்சும் பேரிங்கும் நல்லா இருந்தா ஒரு கையே போதும்.

*லேத் சித்தப்பா, 10:18*
எடது ஸ்டப் ஆக்சிலைக் கழட்டி எடுத்துட்டு வா. கிரீஸ் ஏறலைன்னா பழைய புஷ் போட்டவங்க ஓட்டையை நிப்பிளுக்கு நேரா வெக்கலைன்னு அர்த்தம், இல்லைன்னா வழி காஞ்ச கிரீஸ்ல அடைச்சிருக்கும். எதுன்னு கழட்டுனாத் தெரியும்.
கிங் பின்னை மைக்ரோமீட்டர்ல ரெண்டு தெசையில அளக்கோணும். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு முட்டை வடிவமா இருந்தா அதுல புது புஷ் போட்டுப் பிரயோஜனம் இல்ல, ஒரே சீசன்ல மறுபடியும் ஆடும். பின்னை மாத்திரலாம்.
புஷ் கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) போட்டுத் தர்றேன். இறுக்கி ஏத்துனதும் உள்விட்டம் சுருங்கும், அதனால ஏத்துன பொறகுதான் ரீமர் விட்டு ஓட்டையை அளவுக்குச் சீவோணும். பின்னுக்கும் புஷ்சுக்கும் எடைவெளி 0.05ல இருந்து 0.10 மி.மீ. கிரீஸ் ஓட்டையையும் ஏத்துன பொறகு நிப்பிள் வழியாவே போட்டுக்கலாம், அப்பத்தான் நேரா வரும்.

*லேத் சித்தப்பா, 10:21*
த்ரஸ்ட் பேரிங் (வண்டி எடையைத் தாங்கி ஸ்டப் ஆக்சில் திரும்ப விடறது) புதுசு வாங்கிக்கோ. மூடுன பக்கம் மேல பாக்கோணும், இல்லைன்னா சேத்துத் தண்ணி நேரா உள்ள எறங்கும். அது நின்னுபோனாத்தான் ஸ்டியரிங் கனக்கும். வெறும் வாஷரைப் போட்டுச் சமாளிக்காதே.

*மாப்ள, 10:30*
டை ராடு எண்டு கழட்டறப்ப பால் வெளிய வரமாட்டேங்குதுங்க. பாலோட மறை போட்ட பின்ல சுத்தியல்ல அடிக்கட்டுமா?

*பட்டறை அண்ணன், 10:33*
பின்ல அடிச்சா மறை நசுங்கிரும். நட்டை முழுசாக் கழட்டாம ரெண்டு மறையில விடு. அந்தப் பின் நுழையற ஆர்ம் ஓட்டையோட வெளிப்புறத்துக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் குடுத்து, எதிர்ப்பக்கம் ஓங்கி ஒரு போடு. டேப்பர் (பின்னோட கூம்புப் பகுதி) டக்குனு விடும்.
ராடுல இருந்து கழட்டறப்ப எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வெய்யி. ஒரு முனை எடக்கை மறையா (எதிர்ப்பக்கம் திருப்புனாக் கழளும்) இருக்கலாம், பலவந்தம் பண்ணாதே.
மாட்டறப்ப காசில் நட்டோட (மேல வெட்டு வெட்டா இருக்கற நட்டு) வெட்டு, பின்னோட ஓட்டைக்கு நேரா வரலைன்னா இன்னுங் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கோணும், லூஸ் பண்ணி அல்ல. ஸ்பிளிட் பின் புதுசு போடு. ஆணியோ கட்டுக்கம்பியோ வேண்டவே வேண்டாம், இது ஸ்டியரிங்.

*பெரிய மாமா, 10:41*
ரொட்டவேட்டர் தூக்குனா முன்பக்கம் மெதக்குது, திருப்புனா நேராவே போகுது. அதுவும் இதனாலயா?

*பட்டறை அண்ணன், 10:47*
அது வேறங்க மாமா. பின்னால பாரம் ஏறுனா முன் டயர்ல எடை கொறையுது, புடிமானம் இல்ல. முன் டயர் நடு வரி மழுங்கியிருந்தா மண்ணை வெட்டித் திருப்பாம வழுக்கும். முன்பக்கம் வெயிட் மாட்டுங்க, டயரையும் பாருங்க. தூக்கிட்டு வேகமா மட்டும் திருப்ப வேண்டாம்.

*ஞாயிற்றுக்கிழமை*

*மாப்ள, 17:05*
புஷ், பின், த்ரஸ்ட் பேரிங், ரெண்டு பால் ஜாயிண்ட் போட்டாச்சுங்க. ஆட்டம் 4 செ.மீ.க்கு வந்துருச்சு.

*பட்டறை அண்ணன், 17:12*
இப்ப பாக்ஸுக்கு வா. அச்சைத் தூக்கிக் கிரீஸ் அடிச்சியா? தூக்குனாத்தான் த்ரஸ்ட் பக்கமும் ஏறும்.
பாக்ஸ்ல 90 நம்பர் கியர் ஆயில் அளவு பாரு. கிரீஸ் ரொப்பாதே, பல்லு தள்ளி விட்ட எடத்துலயே நின்னுரும், திரும்பி வராது. ஒழுகுனா சீல் மாத்தணும்.
டிராக் லிங்க்கோட பின்பக்க முனையைக் கழட்டிட்டு ஸ்டியரிங்க ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு எத்தனை சுத்துன்னு எண்ணு. சரிபாதியில நிறுத்து. அந்த நடு எடத்துலதான் ஸ்க்ரூவை அட்ஜஸ்ட் பண்ணோணும், அங்கதான் எடைவெளி கொறைவா இருக்கும். கோடியில வெச்சு இறுக்குனா நடுவுல புடிச்சுக்கும். லாக் நட்டை லூஸ் பண்ணி கால் சுத்துக்கு மேல ஒருதடவைக்குத் திருப்பாதே. கோடிக்குக் கோடி சுத்திப் பாரு, நடுவுல எங்கயாச்சும் கனத்தா கொஞ்சம் பின்வாங்கு.

*மாப்ள, 18:20*
கால் சுத்துலயே 3 செ.மீ. ஆயிருச்சுங்க, எங்கயும் புடிக்கல. டோ இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்னால லேசா உள்ள சாஞ்சிருக்கற அளவு) எப்படி அளக்கறதுங்க?

*லேத் சித்தப்பா, 18:26*
ஹப்பு ஒசரத்துல ரெண்டு ரிம்மோட உள்விளிம்புலயும் முன்பக்கம் சாக்பீஸ் குறி போடு, எடைதூரம் அள. வண்டியை அரைச் சுத்து முன்னால தள்ளி, அதே குறி பின்பக்கம் வந்ததும் அள. முன்பக்கம் 3ல இருந்து 6 மி.மீ. கொறைவா இருக்கோணும். டை ராடைத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணு.

*மாப்ள, 19:02*
முன்னால 92.4, பின்னால 92.8 செ.மீ. வந்துருச்சுங்க.

*லேத் சித்தப்பா, 19:05*
4 மி.மீ., நல்லா இருக்குது. லாக் நட்டை இறுக்குன பொறகு இன்னொருக்கா அளந்துரு. இறுக்கறப்ப ராடு கூடவே திரும்பிரும்.