ஃப்ளாட்ல இருந்துக்கிட்டு ஈபி கனெக்ஷனே இல்லாம சோலார் பேட்டரில காலம் தள்ள முடியுமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம் மக்களே. வேளச்சேரில எட்டு வீட்டு ஃப்ளாட், நாங்க மூணாவது மாடி, எங்க தலைக்கு மேல மொட்டை மாடிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ கீழ மீட்டர் போர்டு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு, மழை விட்டு வெயிலே அடிச்சும் மூணு நாள் கரண்ட் வரல, இன்வெர்ட்டர் முதல் நாள் ராத்திரியே கீச்சு கீச்சுன்னு கத்திட்டுப் படுத்துடுச்சு, அம்மாவோட இன்சுலினை மண்சட்டில தண்ணி ஊத்தி அதுக்குள்ள வச்சுக் காப்பாத்துனோம். அன்னைலேருந்து ஒரே யோசனை, பேசாம ஈபியையே வெட்டி விட்டுடலாமான்னு. ரெண்டு மாசத்துக்கு 420 யூனிட் ஓடும், வெயில் காலத்துல ஏசியால 700 தாண்டும். கைல இருக்கிறது 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர் (தண்ணி ஊத்துற இன்வெர்ட்டர் பேட்டரி) ஒண்ணு, நாலு வருஷம் ஆச்சு. ஒருத்தர் வந்து பாத்துட்டு "540 வாட் பேனல் ரெண்டு, பேனல்லேருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த ஒரு பிடபிள்யூஎம் கண்ட்ரோலர், இதே பேட்டரி போதும் சார், மொத்த வீடும் ஓடும்"ங்கறார். நம்பலாமா?

டிஸ்டில்டு வாட்டர்:
அவரை டீ குடுத்து அனுப்பி வச்சுடுங்க.

கணக்கு பாருங்க. 420 யூனிட்னா ஒரு நாளைக்கு 7, ஏசி சீசன்ல 12. சென்னை வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியா நாளுக்கு 4 யூனிட் தரும், வழில போற லாஸையும் சேத்தா உங்களுக்கு 4 கிலோவாட் வேணும், அதுக்கு 400 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும். எட்டு வீடும் இதே மாதிரி கேட்டா 3200 சதுர அடி, அவ்ளோ பெரிய மொட்டை மாடியா உங்களுது? அதுல தண்ணி டேங்க் வேற, படிக்கட்டு ரூம் வேற. நவம்பர்ல மூணு நாள் விடாம மூடிக்கிச்சுன்னா சமாளிக்க 20 யூனிட் ஸ்டோரேஜ் வேணும், அதாவது 51.2 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி நாலு. வருஷத்துல பாதி நாள் அது சும்மா ஃபுல்லா உக்காந்திருக்கும். ஈபியை வெட்டுற எண்ணத்தை விடுங்க, அதை ஓசி பேக்கப் மாதிரி வச்சுக்கோங்க, முதல்ல கொஞ்சம் யூனிட் ஃப்ரீ வேற.

அடுத்தது அந்த பிடபிள்யூஎம். 540 வாட் பேனல் 41 வோல்ட் கிட்ட 13 ஆம்ப்ஸ் தரும், பிடபிள்யூஎம் அந்த வோல்டேஜை அப்படியே 13-க்கு அமுக்கிடும், ஆம்ப்ஸ் ஏறாது, ஆக 540 வாட்டுக்குக் காசு குடுத்துட்டு 170 சொச்சம்தான் வாங்குவீங்க. எம்பிபிடி கண்ட்ரோலர் போடணும், அது மிச்ச வோல்டேஜை ஆம்ப்ஸா மாத்திக் குடுக்கும். ஆனா எம்பிபிடி போட்டாலும் ஒத்தை 150 ஏஹெச் டியூபுலர் 15 ஆம்ப்ஸுக்கு மேல தாங்காது, ரெண்டு பேனல் வேஸ்ட். அதுவும் நாலு வருஷ பேட்டரி, இந்த ஊர் சூட்டுக்கு அது ரிட்டயர்மென்ட் வயசு.

மாடிச்சண்டை:
மேல சொன்ன கணக்கெல்லாம் கரெக்ட், ஆனா உங்க நிஜப் பிரச்னை வோல்ட்டும் ஆம்ப்ஸும் இல்ல சார், மொட்டை மாடி யாருதுங்கறதுதான். எங்க ஃப்ளாட்ல நான் கேக்காம ஒரு பேனலை நிக்க வச்சேன், மறுநாளே துணி காயப்போடுற கொடியைக் கழட்டிட்டீங்கன்னு ரெண்டாவது மாடி மாமி ஆரம்பிச்சு, வடாம் போடுற இடம், பசங்க பட்டம் விடுற இடம்னு போயி, ஜெனரல் பாடி மீட்டிங் வரைக்கும் போச்சு. மாடி எல்லாருக்கும் பொது, எழுதி வாங்காம ஒரு போல்ட் கூட அடிக்காதீங்க. ஒழுகுச்சுன்னா பழி உங்க தலைலதான். சும்மா கல்லை வச்சு நிறுத்தவும் கூடாது, 2016 வர்தா புயலை நெனச்சுப் பாருங்க, 27 கிலோ பேனல் பறந்து அடுத்த தெருவுல விழுந்தா என்ன ஆகும்.

சப்சிடியும் ஆஃப்-கிரிட்டுக்கு, அதாவது ஈபி லைனோட (கிரிட்) சேராம தனியா ஓடுறதுக்குக் கிடையாது. 2024-ல வந்த மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 தர்றது கிரிட்டோட சேக்கிற சிஸ்டத்துக்குத்தான். அசோசியேஷன் பேர்ல மோட்டார், லிஃப்ட், காமன் லைட்டுக்குப் போட்டா கிலோவாட்டுக்கு 18,000 உண்டு. அதைச் சொல்லித்தான் நான் மாமியை வழிக்குக் கொண்டு வந்தேன்.

வெள்ளவத்தைப் பொடியன்:
கொழும்பில இருந்து ஒரு விசயம் சொல்லுறன். 2022 மார்ச் கடைசியில இஞ்ச ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கூரையில சோலார் பூட்டின ஆக்களும் எங்களோட சேர்ந்து இருட்டுக்குள்ளதான் இருந்தவை! ஓன்-கிரிட் இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் நிண்டா தானும் நிண்டிடும், கம்பியில வேலை செய்யிறவருக்கு எங்கட வீட்டுக் கரண்ட் அடிச்சிடக் கூடாதெண்டு அப்பிடிச் செய்து வச்சிருக்கினம். அதால சப்சிடிக்கு ஆசைப்பட்டு பேட்டரி இல்லாமப் போட்டா புயலுக்கு ஒண்டும் உதவாது. இன்னொண்டு, 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில பகலில கரண்ட் பாவனை குறைஞ்சு போய், பின்னேரம் 3 மணி வரைக்கும் கூரை சோலாரை நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை ஆக்கள் கேட்டவை. வெயில் இருக்கு, போட்டு வைக்க இடமில்லை.

வேளச்சேரிவாசி:
அய்யோ, நல்ல வேளை அட்வான்ஸ் குடுக்கல. சரி, ஆசையைக் குறைச்சுக்கறேன். ரெண்டு ஃபேன், லைட்டு, வைஃபை, சின்ன ஃப்ரிட்ஜ், இது மட்டும் எத்தனை நாள் கரண்ட் போனாலும் ஓடணும். ஏசி, ஹீட்டர், மிக்சி எல்லாம் ஈபிலயே கெடக்கட்டும். எது போடலாம்?

டிஸ்டில்டு வாட்டர்:
இப்ப வழிக்கு வந்தீங்க. ஃபேனை முதல்ல பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார்) ஆக்குங்க, 75 வாட் 30-க்கு இறங்கும், பேட்டரி வாங்குறதை விட இது சீப். ரெண்டு ஃபேன், லைட்டு, வைஃபை சேந்து 90 வாட், எட்டு மணி நேரம்னா 720 வாட்-ஹவர். ஃப்ரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள்ள. டியூபுலரை பாதிக்கு மேல இறக்கக் கூடாது, லித்தியம் பாஸ்பேட்னா 80 சதவீதம் இறக்கலாம், அதனால 2.5 யூனிட் லித்தியம் ஒண்ணு, அந்த 540 பேனல் ரெண்டு சீரிஸ்ல, சீரிஸ்னா (ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்தா) வோல்டேஜ் ஏறும், ஆம்ப்ஸ் ஒரு பேனல் அளவுலயே நிக்கும், மாடிலேருந்து ஒயர் இழுக்கிற லாஸும் குறையும். பழைய இன்வெர்ட்டர்ல லித்தியம் மோட் இல்லன்னா அதுல மாட்டாதீங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர்லேருந்து உருவுன பழைய பேட்டரி செல்லை பேக் பண்ணி பாதி விலைக்கு விக்கிறாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, படுக்கை ரூம்ல நெருப்பை வச்சுட்டுத் தூங்குற மாதிரி. டேங்க் நிழல் எத்தனை மணிக்கு எங்க விழுதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை மாடில உக்காந்து சாக்பீஸ்ல கோடு போட்டு ஃபோட்டோ அனுப்புங்க, பேனலை எங்க வைக்கிறதுன்னு அப்புறம் சொல்றேன்.

மாடிச்சண்டை:
கோடு போடுறதுக்கு முன்னாடி செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டுப் போங்க சார் 😄