செஸ்னா 172: கிரீட்டிலிருந்து நைரோபிக்கு, ஜிபூட்டியில் சிக்கல்

செஸ்னா 172எஸ் சிறு விமானம் ஒன்றைக் கிரீட் தீவின் ஹெராக்லியனிலிருந்து நைரோபி வில்சன் விமான நிலையத்துக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்க வேண்டும். கெடு ஜனவரி இறுதி. எகிப்தின் லக்சர் வரை எல்லாம் தயார். அதற்குத் தெற்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பழைய வழி கார்ட்டூம் மேலாக. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்த பிறகு அதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே ஜெட்டா, ஜிபூட்டி, அடிஸ் அபாபா என்று சுற்றிப்போகத் தீர்மானித்தேன். ஜெட்டாவிலிருந்து ஜிபூட்டி சுமார் 650 கடல் மைல். தொட்டியில் பயன்படும் எரிபொருள் 53 கேலன், மணிக்கு 9 கேலன் குடிக்கிறது, வேகம் 115 நாட் (மணிக்கு 115 கடல் மைல்). காற்றே இல்லாவிட்டாலும் கால் மணி நேர எரிபொருள்தான் மிஞ்சும். செங்கடல் மேல் ஒற்றை எஞ்சினை நம்பிப் போகிறவனுக்கு இது போதாது.

வழியில் சவுதியின் ஜிசானில் இறங்கி நிரப்பலாம் என்றால், யேமன் கரையோரம் என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. பின்னிருக்கையை எடுத்துவிட்டுக் கூடுதல் தொட்டி பொருத்த ஏற்பாடு செய்துவிட்டேன். ஆனால் ஜிபூட்டியில் இறங்கிய பின் அவ்காஸ் (பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான பெட்ரோல்) எங்கே கிடைக்கும்? விமான நிலையத்தில் எரிபொருள் முதலிய ஏற்பாடுகளைச் செய்து தரும் முகவர் இருவரிடம் கேட்டேன். ஒருவர் ஜெட் எரிபொருளுக்கு விலை அனுப்பினார் (பிஸ்டன் எஞ்சின் என்று மூன்று முறை எழுதியிருந்தேன்). மற்றவர் பதிலே தரவில்லை. கார் பெட்ரோலுக்கு என் விமானத்தில் அனுமதி இல்லை.

கடந்த ஓராண்டில் ஜிபூட்டியில் பீப்பாயிலாவது அவ்காஸ் வாங்கி நிரப்பியவர் யாராவது இருந்தால், அதை எப்படி வரவழைத்தீர்கள்?