புதுப்பிப்பு: தங்கம் காட்டும் கருவியைச் சோதித்தாயிற்று

தூரத்திலிருந்தே தங்கம், இரத்தினம், தண்ணீர் எல்லாம் காட்டுமென்று ஒருவர் விற்க வந்த கைக்கருவியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். சரி, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாமாவின் தோட்டத்தில் சோதித்தோம். சிரட்டைகளை வரிசையாகக் கவிழ்த்து ஒன்றுக்குள் அம்மாவின் காப்பை வைத்தோம். எதற்குள் என்று விற்பவருக்குத் தெரிந்தபோது கருவியின் கம்பி நேரே அங்கே திரும்பியது, தம்பி தனியாகப் போய் இடத்தை மாற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கமே வராமல் நின்றதும் கம்பிக்கு வழி தெரியவில்லை. மணிக்கட்டு தன்னையறியாமல் கொஞ்சம் சரிந்தாலே சுழலும் கம்பி அது. 1852இலேயே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் தன்னையறியாமல் நடக்கும் இந்த அசைவை விளக்கிவிட்டார். தண்ணீரைக் காட்டியதே என்கிறார் மாமா. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் கிணறு வெட்டினால் தண்ணீர் வராதா என்ன? உவரா நன்னீரா என்று கேட்டேன், பதிலில்லை. இதேபோன்ற கம்பியைக் குண்டு கண்டுபிடிக்கும் கருவியென்று ஈராக்குக்கு விற்றவருக்கு 2013இல் பிரித்தானியாவில் 10 ஆண்டு சிறை.