சைபை கான்வெக்ஸ் ஹல்: பாதி முகங்கள் கறுப்பு, கன அளவும் தப்பு

கேள்வி (மணல்மேடு)
ஜல்லிக் குவியல் ஒன்றின் லைடார் (லேசர் அளவீட்டு) புள்ளிகள், சுமார் 2 லட்சம். யூடிஎம் (மீட்டரில் அளக்கும் வரைபட முறை) ஆயத்தொலைவு, வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டர், ஃப்ளோட்32-ஆக (32 பிட் தசம எண்) ஏற்றியிருக்கேன். சைபையில் (பைத்தான் கணித நூலகம்) கான்வெக்ஸ் ஹல், அதாவது எல்லாப் புள்ளியையும் மூடும் குவிந்த வெளித்தோல், போட்டு எஸ்டிஎல்-ஆக (முக்கோணங்களை வைக்கும் 3டி கோப்பு) எழுதினால் பாதி முகங்கள் கறுப்பாகத் தெரியுது. சிம்ப்ளிசஸை (ஹல்லின் முக்கோணப் பட்டியல்) வைத்து நானே கூட்டிய கன அளவும் ஹல்லின் வால்யூம் காட்டுவதும் ஒத்துப்போகலை. வெறும் தரை உள்ள கோப்பில் க்யூஎச்6154 பிழை. பேசாமல் டெலோனேக்கு (புள்ளிகளை நான்முகிகளாகப் பிரிக்கும் முறை) மாறிடலாமா?

பதில் (முக்கோணன்)
வேண்டாம். சிம்ப்ளிசஸ் தரும் மூன்று முனைகளின் சுற்றுத்திசைக்கு உத்தரவாதம் கிடையாது, அதான் கோளாறு. முகத்தின் வெளிப்பக்கச் செங்குத்து ஹல்லின் ஈக்வேஷன்ஸில் இருக்கு, ஒவ்வொரு வரியிலும் முதல் மூன்று எண். முனைகள் அ, ஆ, இ என்றால் (ஆ−அ)×(இ−அ) கண்டுபிடித்து அந்தச் செங்குத்தோடு டாட் (புள்ளிப் பெருக்கல்) எடுங்க. மைனஸ் வந்தால் ஆ, இ இரண்டையும் இடம் மாத்துங்க. பிறகு அ·(ஆ×இ)/6 எல்லாவற்றையும் கூட்டினால் வால்யூமோடு ஒட்டிவரும். எண்ணிக்கையையும் பாருங்க: முனைகள் வி என்றால் முக்கோணங்கள் 2வி−4. கனசதுரத்துக்கு 8 முனை, 12 முக்கோணம்.

பதில் (நுண்புள்ளி)
ஃப்ளோட்32-ஐ முதலில் விடுங்க. 14 லட்சத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 12.5 செ.மீ., ஜல்லியே அதைவிடச் சின்னது! ஏற்றிய பிறகு டபுளாக (64 பிட்) மாற்றிப் பயனில்லை; ஏற்றும்போதே டபுள், உடனே சராசரியைக் கழிச்சிடுங்க.

க்யூஎச்6154 என்றால் தொடக்க நான்முகி தட்டையாக இருக்கு, அதாவது எல்லாப் புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே தளம். க்யூஜே ஆப்ஷன் கொடுத்தால் புள்ளிகளைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுப் பிழையை மறைக்கும், வரும் கன அளவு பொய். எஸ்விடி (எந்த அச்சில் புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்குன்னு காட்டும் கணக்கு) எடுத்து, மூன்றாவது மதிப்பு பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் முதல் இரண்டு அச்சில் இறக்கி 2டி ஹல் போடுங்க. அங்கே வால்யூம் என்பது பரப்பு, ஏரியா என்பது சுற்றளவு. நிறையப் பேர் இதில்தான் வழுக்குறாங்க.

பதில் (முக்கோணன்)
டெலோனே உள்ளே முழுக்க நான்முகிகளை நிரப்பும். க்யூஹல் (சைபை உள்ளே பயன்படுத்தும் நிரல்) அதற்கு 4டி-யில் ஹல் போடுது. வெளித்தோலுக்கு அது வீண் வேலை. ஆனால் ஒன்று: இரண்டு மேடுள்ள குவியலில் நடுப் பள்ளத்தையும் ஹல் ஜல்லியாகவே எண்ணும். பில் போடும் அளவுக்கு இது ஆகாது, தரைக்கு மேலே கட்டம் கட்டமாக உயரம் எடுத்துக் கூட்டுங்க.

மணல்மேடு
திசை சரியாச்சு, கன அளவும் ஒத்துப்போகுது. எஸ்டிஎல்-ஐத் திரும்பத் திறந்தால் மட்டும் முகங்கள் படிக்கட்டு மாதிரி இருக்கு.

நுண்புள்ளி
எழுதும்போது சராசரியைத் திரும்பக் கூட்டியிருப்பீங்க. பைனரி எஸ்டிஎல் ஃப்ளோட்32 மட்டும்தான் வைக்கும். கழித்த எண்ணையே எழுதி, சராசரியைத் தனிக் கோப்பில் வைங்க.