பெரியப்பாவின் வால்வு ஆம்ப்ளிபயரைப் போட்டுப் பார்க்கலாமா?

சேரன்மகாதேவிக்காரன்:

என் பெரியப்பா கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவர். அவர் வீட்டு மச்சை ஒழித்தபோது கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிபயர் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு கிலோவாவது இருக்கும். பெரிய வால்வு இரண்டில் இ.எல்.34 என்று எழுதியிருக்கிறது. சின்ன வால்வு மூன்று. பின்னால் 4, 8, 16 என்று ஓம் குறித்த திருகுகள். 20 வருடமாக யாரும் தொடவில்லை. கூடவே காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வர இசைத்தட்டுகள் நான்கு கிடைத்தன. அவற்றை இதில் போட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை. எனக்கு வால்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிளக்கைச் சொருகி வால்வு எரிகிறதா என்று மட்டும் இப்போது பார்த்துக்கொள்ளலாமா? ஸ்பீக்கர் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பாளை மைக்செட்:

தம்பி, சுவிட்சில் கை வைத்துவிடாதீர்கள். 'ஸ்பீக்கர் பிறகு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

டிரான்சிஸ்டர் செட்டை ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வால்வு செட் அப்படி இல்லை. பெரிய வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டு ஓடினால், அந்தச் சக்தி போக வழியில்லாமல் வோல்டேஜாக ஏறி, சுற்றின் இன்சுலேஷனைப் பொத்துவிடும்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். ஓர் அம்மன் கொடையில் வில்லுப்பாட்டு உச்சத்தில் இருந்த நேரம். வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று தெருவின் குறுக்கே கட்டியிருந்த ஸ்பீக்கர் வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குழாய் ஸ்பீக்கர் ஊமையானதும், என்னிடம் வேலைக்கு இருந்த பையன் வால்யூமைக் கூட்டினான். வால்வு சாக்கெட்டில் நீலமாக ஒரு பொறி. பிறகு வார்னிஷ் கருகிய வாடை. டிரான்ஸ்பார்மரை மறுபடி சுற்றி வாங்க ஆன செலவு, அந்தக் கொடைக்கு வாங்கிய கூலியைவிட அதிகம். வால்வுகள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன! போனாலும் இ.எல்.34 வால்வை இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள், வாங்கிவிடலாம். உங்கள் பெரியப்பா செட்டின் டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவீர்கள்?

ஆகவே முதலில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் 8 ஓம் என்று இருந்தால் 8 என்ற திருகில் மாட்டுங்கள். கோயில் குழாய் யூனிட்டுகள் பெரும்பாலும் 16.

அடுத்தது கண்டன்சர், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு. 20 வருடம் மின்சாரத்தையே பார்க்காத கண்டன்சரின் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். திடீரென்று 400 வோல்ட்டைக் காட்டினால் ஷார்ட் ஆகும். கூடவே பவர் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். பழைய ரேடியோ பழுது பார்த்தவர் யாராவது பக்கத்தில் இருப்பார், தேடிப் பிடியுங்கள். பெரிய வால்வுகளைக் கழற்றிவிட்டு, செட்டுக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு அவர் சோதிப்பார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமலே எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

அடிமூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் ஆளைத் தூக்கியெறியும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

தென்காசி சாரல்:

அண்ணாச்சி பல்லியை மறந்துவிட்டார். மச்சில் கிடந்த செட் என்றால் பல்லி முட்டையும் கரப்பான் எச்சமும் இல்லாமல் இருக்காது. என் செட்டில் ஒரு பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே கிடந்து பியூஸைக் கொண்டுபோனது. எனவே பழுது பார்ப்பவரை முதலில் பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளே தட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சாரல் காலத்தில் வால்வுக் கால்களில் களிம்பு வேறு ஏறிவிடும். வால்வைக் குளிர்ந்த பிறகு நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். ஆட்டி ஆட்டிக் கழற்றினால் வால்வின் அடியில் இருக்கும் நடுக் கட்டை உடையும்.

எல்லா வால்வையும் மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே பையைத் திறக்காதீர்கள். கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் காற்று புகவில்லை என்று அர்த்தம். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் அந்த வால்வு மட்டும் செத்தது.

சேரன்மகாதேவிக்காரன்:

அண்ணாச்சி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பல்பு மங்கவே இல்லை! பெரிய கண்டன்சர் இரண்டும் போயிருந்தன. பழுது பார்த்தவர் அவற்றை மாற்றிவிட்டு, பழைய இரண்டு கம்பி வயருக்குப் பதில் எர்த்தோடு மூன்று கம்பி வயரும் போட்டுத் தந்தார். பல்லி முட்டை நான்கு. நேற்று 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டியை மாட்டிப் போட்டேன், ரேடியோ பாடுகிறது. ஆனால் பெரிய வால்வின் கண்ணாடி ஓரத்தில் நீலமாக மினுங்குகிறது. பயமாக இருக்கிறது. இன்னொன்று, புதிதாக வாங்கிய தட்டுப் பெட்டியை, அதாவது ரெக்கார்டு பிளேயரைச் சேர்த்தால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது.

பாளை மைக்செட்:

கண்ணாடியில் ஒட்டினாற்போல் நீலம் தெரிந்தால் பயமில்லை, நல்ல இ.எல்.34 வால்விலும் அது வரும். நடுவிலே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கிறதா என்று விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சிவந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள், வால்வில் ஓடும் மின்சாரத்தை அடக்கிவைக்கும் பயாஸ் வோல்டேஜ் போயிருக்கும்.

பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் கட்டை இருக்கும். அது 220 வோல்ட்டில் இருந்தால் 240க்கு மாற்றச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மீட்டர் 245 காட்டுகிறது. இழை அதிகம் சூடேறினால் வால்வின் ஆயுள் குறையும். ஓடும்போது மேலே துணி மூடக் கூடாது என்பதை வீட்டிலும் சொல்லிவையுங்கள். என் வீட்டில் அழகுக்கென்று பூத்துணி விரித்துவிட்டார்கள், அது பழுத்துப்போனது.

சத்தம் குறைவதற்குக் காரணம் செட் அல்ல. ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் தலைக்குப் பிக்கப் என்று பெயர். பழைய மைக் செட்டின் தட்டு இணைப்பு கிரிஸ்டல் பிக்கப்புக்காகச் செய்தது. உங்களுடையது காந்தப் பிக்கப்பாக இருக்கும், அது தரும் மின்சாரம் மிகக் குறைவு. அதற்கு நடுவில் அதைக் கூட்டித்தர ஒரு சின்ன ப்ரீஆம்ப்ளிபயர் வேண்டும்.

அதை வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள். காருகுறிச்சியார் 1964இல் காலமானார். உங்கள் தட்டுகள் கனமாக, உடையக்கூடியவையாக இருந்தால் அவை நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள். புதுத் தட்டுப் பெட்டியின் ஊசி அந்த அகலமான பள்ளத்துக்குச் சரிவராது. லேபிளைப் படித்து எழுதுங்கள், எந்த ஊசி என்று சொல்கிறேன். அதுவரை அந்தத் தட்டுகளைத் தட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள்.